டி செல்லை எழுப்பி வளர்ப்பது: ஊட்டி உயரத்திலிருந்து ஓர் அறிமுகம்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தைக் கவனித்திருப்பார்கள். 1907இல் தொடங்கியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர்போன இடம். முன்பெல்லாம் அந்த ஊசிமருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரானது. "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிப் பயமுறுத்துவது அதைத்தான். பிற்பாடு வீரோ என்ற செல்லில் வைரஸை வளர்த்து, அதிலிருந்து தடுப்பூசி தயாரிக்கும் முறைக்கு மாறினார்கள். வீரோ என்பது 1962இல் ஜப்பானில் ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் வரிசை. இன்றுவரை உலகம் முழுக்கப் பெருகிக்கொண்டே இருக்கிறது. சத்தான மீடியமும் (செல் வளர்க்கும் திரவம்) 37 டிகிரி சூடும் இருந்தால் போதும், யாரையும் கேட்காமல் இரண்டு நான்காகும்.

நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியில் அதிகம் தேவைப்படும் டி செல், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, இதற்கு நேர் எதிர். சுண்டெலியின் உடம்பிலிருந்து எடுத்து, அதே மீடியத்தில், அதே சூட்டில் வைத்துப் பாருங்கள். ஒன்றுகூடப் பெருகாது. சில நாட்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். சாப்பாடு போதாமல் அல்ல, 'பெருகு' என்று யாரும் சொல்லாததால்.

அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. உயிரியல் படிக்க ஆரம்பித்திருக்கும் மாணவர்களையும், 'செல் வளர்ப்பது' என்று செய்தியில் படித்துவிட்டு அப்படியென்றால் என்னதான் செய்கிறார்கள் என்று யோசிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது?

டி செல் எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பக்குவமடைகிறது. அங்கே ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஓர் ஏற்பியை, அதாவது மேற்பரப்பில் நின்று வேறொரு மூலக்கூறைப் பிடிக்கும் புரதத்தை, தயார்செய்துகொள்கிறது. மரபணுத் துண்டுகளைக் கலைத்துப்போட்டுச் சேர்ப்பதால் ஒரு செல்லின் ஏற்பி போல இன்னொன்றுக்கு இருப்பது அபூர்வம். ஏதோ ஒரு கிருமியின் ஏதோ ஒரு புரதத் துண்டைத்தான் அது அடையாளம் காணும். ஒரு சுண்டெலியின் உடம்பில் கோடிக்கணக்கான டி செல்கள் இருந்தாலும், குறிப்பிட்ட ஒரு துண்டை அடையாளம் காணக்கூடியவை பல நேரம் இருபது முதல் இருநூறு வரைதான்.

அந்தக் கிருமி வராத வரை அந்த இருநூறுக்கும் வேலை இல்லை. ரத்தத்திலும் நிணநீரிலும் மண்ணீரலிலும் சுற்றிக்கொண்டு ஓய்வாக இருக்கும். அளவு ஆறேழு மைக்ரான். உள்ளே கரு நிறைந்திருக்க, அதைச் சுற்றி ஒட்டினாற்போல் மெல்லிய சைட்டோபிளாசம். இந்தச் செல் காரணமில்லாமல் விழித்துக்கொண்டால் உடம்பையே தாக்கும். முடக்குவாதமும் முதல் வகைச் சர்க்கரை நோயும் அப்படி வருபவைதான். அதனால்தான் இயற்கை இதை இவ்வளவு இறுக்கிப் பூட்டி வைத்திருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் நாம் படும் பாடு அத்தனையும் அந்தப் பூட்டினால் வருவது.

சுண்டெலியே ஏன்?

மலிவு, சிறிசு, சீக்கிரம் குட்டி போடும் என்பதெல்லாம் பாதிக் காரணம். முக்கியமானது வேறு. சி57 பிளாக் 6, பால்ப்-சி போன்ற சுண்டெலி வகைகள் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு சுண்டெலிகள் மரபளவில் இரட்டையர். இன்று ஒன்றிலும் அடுத்த மாதம் இன்னொன்றிலும் செய்த சோதனையை அருகருகே வைத்து ஒப்பிடலாம். மனிதர்களிடம் இது முடியாது. உங்கள் டி செல்லும் என் டி செல்லும் ஒரே மருந்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

டி செல் கிருமியை நேராகப் பார்ப்பதில்லை, சொந்த உடம்பின் எம்.எச்.சி. மூலக்கூறு ஏந்திக் காட்டும் துண்டைத்தான் பார்க்கிறது என்று 1970களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் கண்டுபிடித்ததும் இப்படிப்பட்ட சுண்டெலிகளை வைத்துத்தான். வகைகள் தெளிவாகப் பிரிந்திருந்ததால்தான் 'சொந்தம்', 'அந்நியம்' என்ற வேறுபாடு கண்ணில் பட்டது. 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இன்னும் ஒரு படி மேலே போய், ஓடி-ஒன் என்றொரு சுண்டெலி வகை இருக்கிறது. இதன் சிடி8 டி செல்கள் (நோயுற்ற செல்லைக் கொல்லும் வகை) ஏறக்குறைய அனைத்தும் கோழிமுட்டை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதத்தின் எட்டு அமினோ அமிலத் துண்டை மட்டுமே அடையாளம் காணும்படி மரபணு மாற்றப்பட்டவை. இருநூறு செல்லைத் தேடி அலைய வேண்டிய தொல்லை ஒழிந்தது. அந்தத் துண்டைக் காட்டினால் மொத்தக் கூட்டமும் விழிக்கும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதற்கு ஓர் உயிர் போகிறது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒரு சுண்டெலியைக்கூடத் தொட முடியாது. எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, குறைவாகச் செய்ய முடியாதா, வலியில்லாமல் எப்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் படிவத்தைத் தொந்தரவாக நினைக்கும் ஆட்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஏன் அத்தனை' என்ற கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் பலருக்குத் தங்கள் சோதனையின் ஓட்டை தெரியவருகிறது.

மண்ணீரலிலிருந்து தட்டுக்கு

டி செல் கிடைக்கும் வசதியான இடம் மண்ணீரல். சுண்டெலியின் மண்ணீரல் கருஞ்சிவப்பாக, ஒன்றரை சென்டிமீட்டருக்குள், நூறு மில்லிகிராம் அளவில் இருக்கும். அந்தச் சின்ன உறுப்பில் எட்டிலிருந்து பத்துக் கோடி வெள்ளை அணுக்கள் கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் ஆன்டிபாடி சுரக்கும் வகையான பி செல். மூன்றில் ஒரு பங்கு போல டி செல்.

பிரித்தெடுக்கும் வேலை பார்ப்பதற்குச் சமையலறை வேலையாகத்தான் தெரியும். 70 மைக்ரான் கண்ணுள்ள நைலான் சல்லடையின் மேல் மண்ணீரலை வைத்து, ஊசிக்குழலின் உள்தண்டில் இருக்கும் ரப்பர் முனையால் மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டும். செல்கள் சல்லடை வழியாகக் கீழே இறங்கும். வெளியுறை மட்டும் வெளிறிய தோலாக மேலே தங்கும். எல்லாமே பனிக்கட்டி மேல் வைத்துச் செய்வது. அவசரப்பட்டு அரக்கித் தேய்த்தால் செல்கள் கிழிந்து, உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து, மொத்தமும் கொழகொழவென்று திரண்டுவிடும். அப்புறம் பிப்பெட்டில் ஏறாது.

வந்த திரவம் சிவப்பாக இருக்கும், சிவப்பணுக்கள் கலந்திருப்பதால். அம்மோனியம் குளோரைடு சேர்ந்த கரைசலை ஊற்றினால் சிவப்பணுக்கள் தண்ணீரை இழுத்து ஊதி வெடிக்கும். வெள்ளை அணுக்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் என்பது ஓரிரு நிமிடம்தான். போன் வந்ததென்று நகர்ந்துவிட்டால் வெள்ளை அணுக்களும் போய்விடும். நேரம் முடிந்ததும் மீடியத்தை நிறைய ஊற்றி நீர்க்கச் செய்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் குழாயின் அடியில் வெண்மையான ஒரு திட்டு படியும். நமக்கு வேண்டியது அதுதான்.

டி செல் மட்டும் தனியே வேண்டுமென்றால் காந்தத் துகள் முறை இருக்கிறது. வேண்டாத செல்கள் அனைத்தின் மேலும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறை மட்டும் பிடிக்கும் புரதம்) வழியாக நுண்ணிய காந்தத் துகளை ஒட்டவைத்து, குழாயைக் காந்தத்தில் வைத்தால் அவை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தொடப்படாத டி செல் திரவத்தில் மிஞ்சும். வேண்டிய செல்லின் மேலேயே துகளை ஒட்டி எடுப்பதும் உண்டு. ஆனால் டி செல் விஷயத்தில் தொடாமல் எடுப்பதே நல்லது. ஏற்பியைத் தொட்டாலே சிலிர்த்துக்கொள்ளும் செல் இது.

அடுத்து எண்ணிக்கை. டிரிப்பான் நீலச் சாயம் செத்த செல்லுக்குள் புகுந்து நீலமாக்கும்; உயிருள்ளது பளிச்சென்று இருக்கும். கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு பெரிய கட்டத்துக்குச் சராசரி 45 உயிர்ச்செல் என்று வைத்துக்கொள்வோம். சாயம் பாதிக்குப் பாதி கலந்திருப்பதால் இரண்டால் பெருக்கி, பிறகு 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லி லிட்டருக்கு 9 லட்சம். வளர்ப்புத் தட்டில் வழக்கமாக மில்லி லிட்டருக்கு 10 லட்சம் என்ற அளவில் போடுவார்கள். மிகக் குறைவாகப் போட்டால் வளராது. டி செல்கள் ஒன்றுக்கொன்று சுரந்து கொடுத்துக்கொண்டு வளர்பவை, கூட்டம் வேண்டும்.

மீடியம், சூடு, காற்று

பெரும்பாலோர் பயன்படுத்துவது ஆர்.பி.எம்.ஐ. 1640. அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் நினைவு நிறுவனத்தில் 1960களில் உருவானது, பெயரும் அதன் முதலெழுத்துகள்தான். இதோடு பத்து சதவீதம் கன்றுக் கரு சீரம், குளுட்டமின், பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின்.

புதிதாக வருகிறவர்கள் விட்டுவிடும் ஒரு பொருள் இருக்கிறது: பீட்டா மெர்காப்டோ எத்தனால். மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். மனித டி செல்லை வளர்க்கிறவர்கள் இது இல்லாமலேயே சமாளிப்பார்கள். சுண்டெலியின் செல்லுக்கு 50 மைக்ரோமோலார் அளவில் இது இருந்தே ஆக வேண்டும். பரிசோதனைக்கூடத்துக் காற்றில் செல்லுக்கு ஆக்சிஜன் அழுத்தம் அதிகம். அதைத் தாங்க செல்லுக்குள் குளுட்டத்தயோன் வேண்டும், அதற்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். மீடியத்தில் இருப்பதோ இரண்டு சிஸ்டீன் பிணைந்த சிஸ்டின். ஓய்விலிருக்கும் டி செல்லுக்கு அதை உள்ளே இழுக்கத் திராணி போதாது. இந்த நாற்றமடிக்கும் பொருள் அந்தப் பிணைப்பை உடைத்து, உள்ளே போகும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. புகைபோக்கிக்கு அடியில்தான் கையாள வேண்டும், அது நஞ்சு.

இனி மலையில் இருப்பவர்களுக்கான சங்கதி. சமவெளியில் எழுதிய செய்முறையை அப்படியே ஊட்டியிலோ கொடைக்கானலிலோ செய்தால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது ஆட்டோகிளேவ், அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி. 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்பதை. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால்வாசியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் முள் 15இல் நின்றாலும் உள்ளே 117 டிகிரி அளவுதான் எட்டும். 121 வேண்டுமென்றால் முள்ளை 18, 19 பக்கம் கொண்டுபோக வேண்டும். கருவிக்கு அந்த அளவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துத்தான். இல்லாவிட்டால் நேரத்தை நீட்ட வேண்டும். வெப்ப உணரி வைத்த புதுக் கருவிகளில் இந்தச் சிக்கல் இல்லை. அழுத்தமானியை மட்டும் நம்பும் பழைய கருவிகளில்தான் பிரச்சினை.

இரண்டாவது இன்குபேட்டர், செல் தட்டுகளைச் சூட்டில் வைக்கும் பெட்டி. உள்ளே 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வைப்பது செல்லுக்காக அல்ல, மீடியத்தின் பி.எச். 7.4 பக்கம் நிற்பதற்காக. மீடியத்தில் இருக்கும் பைகார்பனேட்டுக்கு எதிர்ப்பக்கம் இந்த வாயு. மீடியத்தில் எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிப்பது சதவீதம் இல்லை, அதன் பகுதி அழுத்தம். மொத்தக் காற்றழுத்தமே கால்வாசி குறைந்த இடத்தில் 5 சதவீதம் என்பது கடல்மட்டத்து 5 சதவீதத்தை விடக் குறைவான வாயு. மீடியம் காரத்தன்மைப் பக்கம் 0.1 அளவுக்கு நகரும், நிறம் கொஞ்சம் ரோஜாவாகத் தெரியும். ஆறரை சதவீதம் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது. அகச்சிவப்பு உணரி உள்ள கருவி வாயு மூலக்கூறுகளையே எண்ணுவதால், கடல்மட்டத்தில் அளவீடு செய்யப்பட்டிருந்தால் திரையில் 5 என்று காட்டும்போதே அழுத்தம் சரியாக இருக்கக்கூடும். உங்கள் கருவியில் எந்த உணரி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட எளிது, மீடியத்தை இரவெல்லாம் உள்ளே வைத்து, காலையில் பி.எச். அளந்து பார்ப்பது.

மழைக்காலப் பூஞ்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் அலமாரியில் தோல் செருப்பைக்கூட விட்டுவைக்காத பூஞ்சை, இன்குபேட்டருக்குள் இருக்கும் தண்ணீர்த் தட்டை விட்டுவைக்குமா? அந்தத் தட்டை அடிக்கடி கழுவி, கிருமி நீக்கிய தண்ணீர் மாற்றுங்கள். அட்டைப்பெட்டிகளைச் செல் வளர்ப்பு அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

இரண்டு அனுமதி

சரி, செல் தட்டுக்கு வந்தாயிற்று. எழுப்புவது எப்படி?

டி செல்லுக்கு ஒரே நேரத்தில் இரண்டு சமிக்ஞை வேண்டும். ஊட்டி மலைப்பாதையின் அடியில் இருக்கும் கல்லாறு சோதனைச் சாவடியில் வெளியூர் வண்டிக்கு நடப்பது போலத்தான்: வண்டியின் பதிவெண் சரியாக இருந்தாலும், 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இல்லாமல் மேலே ஏற முடியாது. முதல் சமிக்ஞை டி செல்லின் ஏற்பி வழியாக வருகிறது: 'நீ தேடும் துண்டு இதோ.' இரண்டாவது சிடி28 என்ற இன்னொரு மூலக்கூறு வழியாக: 'ஆமாம், நிஜமாகவே ஆபத்துதான்.' இரண்டாவதைக் கொடுப்பது கிருமியின் வாசனையால் உஷாராகி, அதன் துண்டை டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல் போன்றவை. ஒரு வித்தியாசம். சாவடியில் திருப்பி அனுப்பிய வண்டி நாளைக்கு பாஸ் எடுத்து வரலாம். முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காத டி செல்லோ மரத்துப்போய்விடும். பிறகு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் சரியாக விழிக்காது. சொந்த உடம்பைத் தாக்காமல் இருக்க வைத்த இன்னொரு பூட்டு.

பரிசோதனைக்கூடத்தில் கிருமியும் இல்லை, டென்ட்ரிடிக் செல்லும் இல்லை. அதனால் இரண்டு ஆன்டிபாடியை வைத்து ஏமாற்றுகிறோம். ஒன்று ஏற்பியோடு சேர்ந்திருக்கும் சிடி3ஐப் பிடிப்பது, மற்றது சிடி28ஐப் பிடிப்பது. சிடி3 எல்லா டி செல்லிலும் பொதுவாக இருப்பதால், ஏற்பி எதுவாக இருந்தாலும் எல்லாம் விழிக்கும்.

சிடி3 ஆன்டிபாடியைத் தட்டின் அடியில் ஒட்டவைக்க வேண்டும் என்பது முக்கியம். திரவத்தில் மிதந்தால், தூய டி செல்லுக்கு அது போதுமான சமிக்ஞை தராது. ஏற்பிகள் ஓரிடத்தில் நெருக்கமாகத் திரண்டு பிணைந்தால்தான் உள்ளே செய்தி போகும். அதற்கு ஆன்டிபாடி அசையாமல் இருக்க வேண்டும். ஒரு மில்லி லிட்டருக்கு ஒன்று முதல் ஐந்து மைக்ரோகிராம் அளவில், சீரம் கலக்காத உப்புக் கரைசலில் கரைத்து, ஒவ்வொரு குழியிலும் ஊற்றி, 37 டிகிரியில் இரண்டு மணி நேரமோ, ஃபிரிட்ஜில் இரவு முழுவதுமோ வைத்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மிச்சத்தைக் கழுவிவிட்டு, செல்லைப் போட்டு, சிடி28 ஆன்டிபாடியை மீடியத்தோடு சேர்த்தால் போதும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். மனித சிடி3க்கான ஆன்டிபாடி சுண்டெலி செல்லில் ஒட்டாது. சுண்டெலிக்கு என்று கேட்டு வாங்க வேண்டும், பலரும் பயன்படுத்துவது 145-2சி11 என்ற வகை. அப்புறம் சோடியம் அசைடு இல்லாதது வேண்டும். சாயமேற்றிப் பார்ப்பதற்காக விற்கும் குப்பிகளில் கெடாமல் இருக்க அசைடு சேர்ப்பார்கள். அது செல்லின் மூச்சையே நிறுத்திவிடும். கோயம்புத்தூரிலிருந்து பனிக்கட்டியில் வைத்து வரவழைத்த குப்பி தவறானதாக இருந்தால், மலைப்பாதையில் மண்சரிவு என்று அடுத்தது வர இன்னும் தாமதமாகும். ஆர்டர் போடும் முன்பே அட்டவணையைப் படிப்பது நல்லது.

பயறு செய்த உபகாரம்

ஆன்டிபாடி வருவதற்கு முன்னால் டி செல்லை எழுப்பியது ராஜ்மா பயறு. நம் தோட்டங்களில் கொடியேறும் பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே இனம். இந்தப் பயறில் உள்ள ஃபைட்டோ ஹீமாகுளுட்டினின் என்ற புரதம் செல்களின் மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்து ஒட்டவைக்கும். 1960 வாக்கில் அமெரிக்காவில் பீட்டர் நோவல், ரத்தத்தில் சிவப்பணுக்களைத் திரட்டி ஒதுக்குவதற்காக இதைச் சேர்த்தார். மிச்சமிருந்த வெள்ளை அணுக்களைப் பார்த்தால் அவை பிளவுபட்டுக்கொண்டிருந்தன. அதுவரை லிம்போசைட் (டி செல்லும் பி செல்லும் சேர்ந்த வெள்ளை அணு வகை) என்பது இனிப் பெருகாத, ஆயுள் முடியும் கட்டத்தில் இருக்கும் செல் என்றுதான் நினைத்திருந்தார்கள். பிரித்தெடுக்க வந்த பொருள் எழுப்பிவிட்டது.

சுண்டெலிக்கு இதைவிடப் பொருத்தமானது கான்கனவாலின்-ஏ. வாளவரைக்குச் சொந்தமான ஜாக் பீன் விதையிலிருந்து ஜேம்ஸ் சம்னர் பிரித்தெடுத்தது. இதே விதையிலிருந்துதான் அவர் 1926இல் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி, நொதி என்பது புரதம் என்று காட்டினார். ஆன்டிபாடியை விட மலிவு. கல்லூரிச் செய்முறை வகுப்புக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் இது செல்களைக் கண்டபடி பிடிப்பதால் எந்தச் சமிக்ஞை எந்த விளைவைத் தந்தது என்று ஆராய உதவாது.

பேச்சு வந்ததால் ஒன்று: ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு இதே ஃபைட்டோ ஹீமாகுளுட்டினின்தான் காரணம். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பயறை ஊறவைத்துக் குக்கரில் வேகவையுங்கள்.

நாளுக்கு நாள் நடப்பது

செல்லைப் போட்ட சில நிமிடங்களிலேயே உள்ளே கால்சியம் ஏறும். சில மணி நேரத்தில் சிடி69 என்ற அடையாளம் மேற்பரப்பில் தோன்றும். ஒரு நாள் முடிவதற்குள் சிடி25, அதாவது டி செல்லை வளரச்செய்யும் இன்டர்லியூக்கின்-2 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஏற்பியின் ஒரு பகுதி. ஆனால் முதல் நாள் எண்ணிப் பார்த்தால் போட்டதை விடக் குறைவாகத்தான் இருக்கும். பிரித்தெடுத்த அதிர்ச்சியில் ஒரு பகுதி செத்திருக்கும், மிச்சம் இன்னும் பிளவுபட ஆரம்பித்திருக்காது. பயந்துபோய்த் தட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் இந்த நாளில்தான் போடுகிறார்கள்.

24 மணி நேரத்துக்குப் பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஏழு மைக்ரான் இருந்த செல் பத்து, பன்னிரண்டு ஆகியிருக்கும். உருண்டையாக இருந்தது கொஞ்சம் நீண்டு, ஒரு பக்கம் வால் போல இழுத்துக்கொண்டு நகரும். பத்தும் ஐம்பதுமாக ஒட்டிக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். எழுப்பாமல் விட்ட பக்கத்துக் குழியில் அதே செல்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தனித்தனியே கிடக்கும். இந்த எழுப்பாத குழியை ஒவ்வொரு முறையும் வையுங்கள். அது இல்லாத சோதனையை நான் நம்பமாட்டேன். இந்தக் கட்டத்தில் கொத்துகளைப் பிப்பெட்டால் கலைக்கவும் வேண்டாம். ஒன்றுக்கொன்று உறுதுணையாக இருக்கின்றன, விட்டுவிடுங்கள்.

முதல் பிளவு ஒரு நாள் கழித்தோ ஒன்றரை நாள் கழித்தோ நடக்கும். அப்புறம் வேகம் பிடித்து, எட்டுப் பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று இரட்டிக்கும். மூன்றாம் நாள் காலை தட்டை எடுத்தால் நிறம் மாறியிருக்கும். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஒரு மாணவி, "மேடம், மீடியம் மஞ்சளாயிடுச்சு, பாக்டீரியா புகுந்துடுச்சா?" என்று பதறிக்கொண்டு வந்தாள். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். மஞ்சளாக, ஆனால் தெளிவாக இருந்தது. பாக்டீரியா என்றால் கலங்கியிருக்கும்; பூஞ்சை என்றால் பஞ்சு மிதக்கும். இது டி செல்லின் வேலை. விழித்த டி செல் ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை அவசரமாக லாக்டிக் அமிலமாக மாற்றிக் கொட்டும். அமிலம் கூடக்கூட மீடியத்தில் இருக்கும் ஃபினால் ரெட் என்ற நிறங்காட்டிச் சாயம் ஆரஞ்சாகி, மஞ்சளாகும். மூன்றாம் நாள் மஞ்சள் என்பது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். கூடவே, உடனே மீடியம் மாற்று என்பதற்கும்.

இந்த இடத்தில் செல்களை எடுத்து, எண்ணி, ஆன்டிபாடி ஒட்டாத புதுத் தட்டுக்கு மாற்றி, மில்லி லிட்டருக்கு ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று கலைத்துவிட வேண்டும். இனி எழுப்ப வேண்டாம். ஓயாமல் எழுப்பிக்கொண்டே இருந்தால் செல் தானாகவே தற்கொலை செய்துகொள்ளும். வேண்டியது இன்டர்லியூக்கின்-2. 1976இல் டி செல்லை நீண்ட நாள் வளர்க்க உதவும் ஒரு பொருளாக மோர்கனும் ரூசெட்டியும் காலோவும் கண்டுபிடித்தது இதுதான். மில்லி லிட்டருக்கு 20 முதல் 100 யூனிட் வரை சேர்ப்பார்கள். மனித ஆன்டிபாடி சுண்டெலிக்கு ஆகாது என்றேன் அல்லவா. இன்டர்லியூக்கினில் அப்படி இல்லை. மனிதருடையது சுண்டெலி செல்லிலும் நன்றாக வேலை செய்யும், பலரும் அதையே வாங்குகிறார்கள். இதைச் சேர்க்காமல் விட்டால் ஓரிரு நாளில் கூட்டம் சரியும்.

விழித்ததா, பெருகியதா என்பதை உறுதிசெய்ய அழகான ஒரு முறை உண்டு. போடும் முன்பே செல்லுக்குள் சி.எஃப்.எஸ்.இ. என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றிவிடுவார்கள். செல் இரண்டாகும்போது சாயமும் பாதியாகப் பிரியும். மூன்று நாள் கழித்து, ஒவ்வொரு செல்லின் ஒளியையும் தனித்தனியே அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால் ஒளி பாதி, கால், அரைக்கால் என்று தனித்தனிச் சிகரங்களாக வரும். எந்தச் செல் எத்தனை முறை பிளந்தது என்று எண்ணிச் சொல்லலாம்.

எழுப்பிய பிறகு என்ன ஆக்குவது

பெருகியதும் வேலை முடிந்ததா என்றால், ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. எழுப்பும்போதே மீடியத்தில் என்ன சைட்டோகைன் (செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதம்) சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, மற்ற செல்களுக்கு உதவும் வகையான சிடி4 டி செல்லின் குணம் மாறும். இன்டர்லியூக்கின்-12 சேர்த்தால் செல்லுக்குள் ஒளியும் கிருமியை எதிர்க்கும் வகை; இன்டர்லியூக்கின்-4 சேர்த்தால் புழுக்களையும் ஒவ்வாமையையும் சார்ந்த வகை. இப்படி இரண்டு வகை உண்டென்பதை 1986இல் மோஸ்மனும் காஃப்மனும் சொன்னதும் தட்டில் வளர்த்த சுண்டெலி டி செல்களை வைத்துத்தான். டி.ஜி.எஃப். பீட்டாவையும் இன்டர்லியூக்கின்-2ஐயும் சேர்த்தால் மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல் கிடைக்கும். இந்தச் செல்லை 1995இல் சிடி25 அடையாளத்தால் இனம்கண்ட சகாகுச்சிக்கும், அதன் ஆதார மரபணுவைச் செதில் தோலோடு பிறந்த ஒரு சுண்டெலி வகையில் தேடிப்பிடித்த பிரன்கோவுக்கும் ராம்ஸ்டெல்லுக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிடி8 டி செல் என்றால் ஐந்தாறு நாளில் கொல்லும் திறன் பெற்றுவிடும். ஓடி-ஒன் செல்களை இப்படித் தயார்செய்து, முட்டைப் புரதத்தைத் தாங்கிய புற்றுச்செல்லோடு ஒரே குழியில் விட்டு, எத்தனை சதவீதம் கொன்றது என்று அளப்பது வழக்கமான சோதனை. ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி செல்லை எடுத்து, எழுப்பி, மரபணு ஏற்றிப் பெருக்கித் திருப்பி உடம்பில் ஏற்றுகிறார்கள். எழுப்புவதற்குப் பல இடங்களில் பயன்படுவது சிடி3, சிடி28 ஆன்டிபாடி ஒட்டிய சிறு மணிகள்தான். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023இல் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது.

சுண்டெலி டி செல்லை இப்படி எவ்வளவு நாள் வளர்க்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஏழாம் நாளுக்கு மேல் செல் சுருங்கி, பிளவு வேகம் குறைந்து, சாவு கூடும். திரும்ப எழுப்பினால் இன்னும் கொஞ்சம் நீளும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் களைப்பு ஏறி, முதலில் எடுத்த செல்லிலிருந்து விலகிப்போகும். அதனால் நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் முக்கியமான சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணீரலை எடுக்கும் நாளைத் திங்கட்கிழமையாக வைத்தால் வியாழனன்று மீடியம் மாற்றலாம், வெள்ளியும் சனியும் சோதனைக்குக் கிடைக்கும்.